மஞ்சள் கலங்கல்

அணைப் பராமரிப்புக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று அழைத்தார்கள். வந்து பார்த்தேன். நீங்கள் எல்லாரும் படித்தவர்கள். அணையின் வயிற்றுக்குள் நடப்பதை அறைக்குள் உட்கார்ந்தபடியே பார்த்துவிடுகிறீர்கள். சந்தோஷம். தேயிலை மலைக்கு நடுவில் இருந்துகொண்டு இவ்வளவு மோசமான தேநீர் எப்படிப் போடுகிறீர்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

மத்தியானம் உங்களில் ஒருவர் புதிய அபாயச் சங்கைக் காட்டினார். அடுத்த மலை வரைக்கும் கேட்கும் என்றார். "கேட்டவங்க என்ன செய்வாங்க?" என்று கேட்டேன். "வெளியேறுவாங்க சேர்," என்றார், இதென்ன கேள்வி என்கிற முகத்தோடு. அதே முகம் எங்களுக்கும் ஒரு காலத்தில் இருந்தது. அது எங்களை விட்டுப் போன மத்தியானத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். கருவிகளைப் பற்றிப் பேச என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கும். ஹட்டனுக்கு மேலே ஒரு கிளையாற்றை மறித்து, மண்ணும் கல்லுமாக ஓர் அணை எழும்பிக்கொண்டிருந்தது. நான் ராகலைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் மகன். கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் கணக்கு, நிறைய வாய். அந்த வாய்க்காகத்தான் என்னை ஓவர்சியராக எடுத்தார்கள் என்று நினைக்கிறேன். கிராமத்து லொறிக்காரர்களோடு சிங்களம், தோட்டத்துச் சனத்தோடு தமிழ், மேலே இருப்பவர்களோடு "யெஸ் சேர்" என்று நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்களுக்கு மேலே இருந்த இஞ்சினியர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். தன் பெயர் எங்கேயாவது அடிபட்டால் வெட்கப்படுகிற மனிதர் அவர். நம்முடைய சனத்துக்கு அவர் தமிழ் ஒரு வேடிக்கை. "இஞ்சினியர் ஐயா பேசுறதும் தமிழ் மாதிரியேதாங்க இருக்கு," என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவர் காதில் அது விழுந்தது. கோபிக்கவில்லை. "அவை சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு," என்றார்.

அந்த அணையின் வெளிப்பக்கம் முழுக்க மலையில் வெட்டிய செம்மண்ணும் கல்லும். நடுவில் மட்டும், தண்ணீரைத் தடுப்பதற்காக, மஞ்சள் களிமண்ணால் ஒரு சுவர். கீழே கிராமத்தின் வயல் பள்ளத்திலிருந்து லொறியில் ஏற்றி வந்த களி அது. மலையில் எங்கே தோண்டினாலும் அந்த நிறம் கிடைக்காது. வேலைக்குச் சேர்ந்த அன்றே இஞ்சினியர் என்னை அணையின் அடிவாரத்துக்குக் கூட்டிப்போய், கல்லிடுக்கில் கசிகிற தண்ணீரைக் காட்டினார். எந்த மண் அணையும் கொஞ்சம் கசியும். தெளிவாகக் கசிந்தால் பயமில்லை.

"இஞ்ச பாரும். செம்மண் தண்ணி வந்தால் அது மழை. குடையைப் பிடிச்சுக்கொண்டு நில்லும். மஞ்சள் தண்ணி வந்தால் அது அணையின்ர வயித்துக்குள்ள இருந்து வருது. குடையை எறிஞ்சுபோட்டு ஓடி வாரும்."

எனக்கு அந்த வேலையில் கிடைத்த முழுப் படிப்பும் இவ்வளவுதான். போதுமானதாக இருந்தது.

அணைக்குக் கீழே, ஆறு வளைகிற இடத்தில், பக்கத்துத் தோட்டத்தின் கீழ் லயம் இருந்தது. தொழிலாளர்களின் வரிசை வீடுகள். எங்கள் வரைபடத்தில் ஒவ்வொரு பெரிய பாறைக்கும் ஓர் எண் இருந்தது. லயம் வெறும் ஒரு சாம்பல் நிறக் கட்டம். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லி, அந்தச் சனத்துக்கு வாக்குரிமையும் இல்லை, நாடும் இல்லை என்று ஆக்கிவைத்திருந்த காலம். தலைக்கு மேலே அணை கட்டுகிறோமே, ஒரு வார்த்தை கேட்போம் என்று யாருக்கும் தோன்றவில்லை. இன்று நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

அணைக்கு வேண்டிய கல்லை ஆற்றங்கரைக் குன்றில் வெடிவைத்து எடுத்தோம். சில்லுகள் லயம் வரைக்கும் பறக்கும். அதனால் வெடிக்கு முன்னால் சங்கு ஊதுவோம். ஆரம்பத்தில் சங்குச் சத்தம் கேட்டால் லயமே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. ஒரு நாள் பிள்ளைக் காம்பிராவின் கூரைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு கல் உள்ளே விழுந்தது. தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. நல்லவேளை, அன்று தொட்டில்கள் மற்றப் பக்கம் இருந்தன. அதற்குப் பிறகு நான் வாசல் வாசலாக ஏறி இறங்கினேன். "சங்கு ஊதுனா உள்ளுக்குப் போயிருங்க. கதவச் சாத்துங்க. சுவரோரமா ஒக்காருங்க." சீக்கிரமே லயம் பழகிவிட்டது. சங்கு முனகத் தொடங்கும்போதே தாய்மார் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். கோழி கூட வாசற்படி ஏறி உள்ளே போய்விடும் என்று நாங்கள் பெருமையடித்துக்கொள்வோம்.

இனி அந்த மத்தியானம்.

தென்மேற்கு மழை நாள் கணக்காகக் கொட்டிக்கொண்டிருந்தது. அணை பாதிதான் எழும்பியிருந்தது. ஆற்றைத் திருப்பிவிட்ட சுரங்கம் வாய் நிறையக் குடித்தும் மிஞ்சிய தண்ணீர் அணைக்குப் பின்னால் ஏறிக்கொண்டே வந்தது. மழை வலுத்ததால் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்களை நேரத்தோடு மலையிலிருந்து இறக்கிவிட்டார்கள். கீழ் லயத்துச் சனம் முழுக்க வீட்டில்தான் இருந்தது. ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் பெண்கள் குடம் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அடிவாரத்தைப் பார்த்துவர நான் இறங்கினேன். கல்லிடுக்கில் வழக்கமாகக் கசிகிற இடத்தில் தண்ணீர் குமிழியிட்டு எழும்பிக்கொண்டிருந்தது. நிறம் மஞ்சள். கண்ணில் வழிந்த மழையைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மஞ்சள்தான். கையில் அள்ளினேன். பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. குடையை எறிந்தேனா விட்டேனா தெரியாது, அந்தக் குடை பிறகு கிடைக்கவே இல்லை.

இஞ்சினியர் வந்து பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குமிழிக்கு மேல் மணலும் சரளையும் கல்லுமாக அடுக்கடுக்காகக் கொட்டச் சொன்னார். தண்ணீரை வெளியே விட்டு, களியை உள்ளேயே பிடித்துவைக்கிற வழி அது. அது பிடிக்குமா, எப்போது பிடிக்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. அணை உடைந்தால் வெள்ளத்துக்கு முதல் கவளம் கீழ் லயம்.

"சங்கை ஊதச் சொல்லும்," என்றார்.

வெள்ள அபாயத்துக்கு நீளமாகச் சங்கு ஊத வேண்டும் என்று திட்டத்தில் இருந்தது. திட்டம் போட்டவர்கள் கொழும்பில் இருந்தார்கள். ஊதினார்கள். நீளமாக, மலையெல்லாம் எதிரொலிக்க ஊதினார்கள். நானும் இஞ்சினியரும் அணை மேட்டில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பீலிக்கரையிலிருந்த பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள், லயத்துக்குள்ளே. விறகு பிளந்துகொண்டிருந்த ஆள் கோடரியை விட்டுவிட்டு உள்ளே போனார். ஒரு பெண் பாதி வழியில் திரும்பி வந்து, வெளியே நின்ற பக்கத்து வீட்டுக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போனாள். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை. நாங்கள் சொல்லிக்கொடுத்ததை ஓர் எழுத்துப் பிசகாமல் செய்தார்கள்.

"உவை ஏன் உள்ளுக்குப் போகினம்?" என்றார் இஞ்சினியர். பிறகு, "கேக்கேல்லையோ? இன்னும் பலமா ஊதச் சொல்லும்."

"ஊத ஊத உள்ளுக்குத்தான் சேர் போவாங்க. வெடின்னு நெனைச்சிட்டாங்க."

நான் பலரிடம் வேலை பார்த்திருக்கிறேன். திட்டம் பொய்த்துப்போகிற ஒரு மூச்சு நேரத்தில் சிலர் கத்துவார்கள், சிலர் யார் மேல் பழியைப் போடலாம் என்று தேடுவார்கள். இவர் சங்கை நிறுத்தக் கை காட்டினார். என் பக்கம் திரும்பினார்.

"அப்ப எது கேட்டால் அவை வெளியில வருவினம்?"

"பெரட்டுத் தப்பு சேர்."

தோட்டத்தில் விடிகாலையில், தோட்ட அதிகாரியான துரையின் உத்தரவில், தப்பு அடித்துத்தான் சனத்தை வேலைக்குக் கூப்பிடுவார்கள். வட்டமான அந்தத் தோல் மேளத்தின் சத்தம் கேட்டால், காய்ச்சலில் கிடப்பவர் தவிர எல்லாரும் பெரட்டுக் களத்தில் போய் நிற்க வேண்டும். பிறந்ததிலிருந்து காதில் ஊறிய சத்தம். பெரட்டுக் களம் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோருக்குப் பக்கத்தில், மேட்டில் இருந்தது. அணையே போனாலும் அங்கே தண்ணீர் ஏறாது.

"போம். நான் சொன்னதெண்டு சொல்லும். நான் இந்த இடத்தை விட்டு வரமாட்டன்," என்று சொல்லிவிட்டு அவர் சரளை லொறியை நோக்கி இறங்கிவிட்டார்.

பெரட்டுத் தப்பு அடிக்கிறவர் சோலைமுத்து. மேல் லயத்தில், களத்துக்குப் பக்கத்திலேயே வீடு. திடமான ஆள், பேச்சுக் குறைவு. நான் போய் மூச்சு வாங்கச் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"தொர ஹட்டனுக்குப் போயிட்டாருங்களே. தொர உத்தரவு இல்லாம பெரட்டுத் தப்ப நான் தொட்டதில்ல தம்பி."

"உத்தரவு கேக்க நேரமில்ல அண்ணே. அணையில மஞ்சத் தண்ணி வருது."

"அடிச்சி, ஒன்னும் ஆவலன்னா?"

"ஒன்னும் ஆவக் கூடாதுன்னுதானே அண்ணே வேண்டிக்கிட்டு வந்திருக்கேன்."

"அது இல்ல தம்பி. பெரட்டுன்னு அடிச்சா அது பெரட்டா இருக்கணும். பொய்யா அடிச்சிட்டா, அப்பறம் யாரு நம்பி வருவா?"

அந்த நேரத்தில் இந்தக் கேள்வி எனக்கு வெறும் வீம்பாகத்தான் தெரிந்தது. "கீழ புள்ளக்குட்டியெல்லாம் கதவச் சாத்திக்கிட்டு ஒக்காந்திருக்கு அண்ணே," என்றேன். அவர் சுவரிலிருந்து தப்பை எடுத்தார். எடுத்தவர் வெளியே வராமல் அடுப்பங்கரைக்குப் போனார். மழைக் குளிரில் தோல் தொய்ந்திருந்தது. அதைத் தீயில் காட்டித் திருப்பித் திருப்பிக் காய்ச்சினார். எனக்குக் காலடியில் நெருப்பு.

"அப்படியே அடிங்கண்ணே!"

"தொஞ்ச தோலுல அடிச்சா எவனோ குடிச்சிட்டு வெளையாடுறான்னு படுத்துக்குவாங்க. பொறு தம்பி."

பொறுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் வாயை மூடிக்கொண்டு நின்றதில்லை. விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். கிண்ணென்று கேட்டது. களத்து ஓரத்தில், மழையில் நனையாமல் ஒரு தகரத்துக்கடியில் நின்று அடிக்கத் தொடங்கினார். காலையில் அடிக்கிற அதே அடி. அவசரம் துளியும் இல்லை. அவசரமாக அடித்திருந்தால் அது பெரட்டு ஆகியிருக்காது.

கீழே ஒரு கதவு திறந்தது. ஒரு தலை எட்டிப் பார்த்தது. பிறகு அடுத்த கதவு. கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வைதுகொண்டே ஏறி வந்தார்கள். "மத்தியானத்துல என்னா பெரட்டு? தொரைக்குப் பைத்தியமா?" ஒருவர் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு வந்து, எந்த மலையில் வேலை என்று கேட்டார். நான் படிக்கட்டில் நின்று ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தேன். ராக்கம்மா என்று கொழுந்துக்காரி ஒருவர், நாலு பேர் சத்தத்தை ஒரே ஆளாகப் போடக்கூடியவர், மாமியாரைத் தாங்கிக்கொண்டு ஏறினார். வழுக்குப் படியில் மாமியாரை மேலே தள்ளிவிட்டு இவர் விழுந்தார். கால் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. தூக்கிக்கொண்டுதான் போனோம்.

எல்லாரையும் ஸ்டோரின் மாடியில், கொழுந்து வாட்டுகிற தட்டுகளுக்கு நடுவில் உட்கார வைத்தோம். பொழுது சாயும் நேரத்தில் இஞ்சினியரிடமிருந்து ஆள் வந்தான். கொட்டிய கல்லும் சரளையும் பிடித்துவிட்டன. மஞ்சள் குறைந்து தண்ணீர் தெளிகிறது. அணை இடியாமல் நின்றது.

லயமும் நின்றது. ஒரு கோழிக்குஞ்சு கூடப் போகவில்லை. சனம் மறுநாள் காலை வீட்டுக்குத் திரும்பியபோது, அணைந்துபோன அடுப்பும் நனைந்த விறகும் சாத்தாமல் விட்ட கதவும்தான் அவர்களுக்குத் தெரிந்தன. ஒன்றுமே நடக்கவில்லை. இந்தத் தொழிலில் நம்முடைய அறுவடை அதுதான் பிள்ளைகளே. ஒன்றும் நடக்காதது. அதை யாருக்கும் எடுத்துக் காட்ட முடியாது.

துரை திரும்பி வந்தார். காலைப் பெரட்டில், எல்லார் முன்னாலும், அவருடைய தோட்டத்துத் தமிழில் கத்தினார். "யார் சொல்லி அடிச்சே? என் தோட்டத்துலே யார் துரை?" சோலைமுத்து தலை குனியாமல் நின்றார். தப்பைக் கீழே வைக்கச் சொன்னார் துரை. வைத்தார். சனத்தில் பாதிப் பேர் துரையின் மேல் கோபமாக இருந்தார்கள், மீதிப் பேர் சோலைமுத்துவின் மேல்.

அப்போது இஞ்சினியர் வந்தார். உடுப்பெல்லாம் மஞ்சள் சேறு. தூங்காத கண்கள். துரையிடம் ஆங்கிலத்தில் சுருக்கமாகப் பேசினார். கட்டளை என்னுடையது, யாரையாவது தண்டிக்க வேண்டுமென்றால் என் மேலதிகாரிக்கு எழுதுங்கள், ஆனால் நாளைக்கே மறுபடி இப்படி வந்தாலும் இந்த மனிதரைத்தான் கூப்பிடுவேன் என்றார். துரை முறைத்துக்கொண்டு போய்விட்டார். தப்பு தரையிலேயே கிடந்தது.

இஞ்சினியர் சோலைமுத்துவிடம், "பெரிய உதவி செய்தீங்கள்," என்றார்.

சோலைமுத்து அந்தப் பாராட்டைக் காதில் வாங்கவில்லை. "ஐயா, ஒன்னே ஒன்னு சொல்லுங்க. நேத்து நான் அடிச்சது நெசமா, பொய்யா?"

நிஜம்தான் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். இஞ்சினியர் என் தோளில் கை வைத்துத் தடுத்தார். "வாருங்கோ," என்று மட்டும் சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தார். வழியில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ஐசே, நேற்று அவை வந்திட்டினம். அது பொய்யெண்டு நினைச்சினமெண்டால் அடுத்த முறை வரமாட்டினம். எனக்கு அந்தக் கசிவை விட இதுதான் பயம்."

அடிவாரத்தில், நாங்கள் கொட்டிய கல்லுக்குக் கீழே, ஓடையின் இரு கரையிலும் முந்திய நாள் வந்த கலங்கல் படிந்து கிடந்தது. வாரி எடுக்கலாம், அவ்வளவு. சோலைமுத்து குனிந்து ஒரு பிடி எடுத்தார். விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். அணையில் களி மிதிக்கிற வேலைக்குச் சில மாதம் அவரும் வந்திருந்தார். அந்தச் சேறு அவருக்குத் தெரியும்.

"இது உள்ளுக்குப் போட்டதுங்களே. நடுவுல."

"ஓம்."

"இது எப்புடி இங்க வந்துச்சி?"

இஞ்சினியர் அணையை அண்ணாந்து பார்த்தார். சோலைமுத்துவும் பார்த்தார். அதற்குப் பின்னால் நிற்கிற தண்ணீரை நினைத்திருப்பார் போலும், ஓரடி பின்னால் வைத்தார். "அப்ப நான் பொய்யா அடிக்கல," என்றார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். எனக்கும் கலங்கியது, மறைப்பானேன்.

பிறகு நடந்த பேச்சுவார்த்தைகளை எல்லாம் விட்டுவிடுகிறேன். சங்கு வெடிக்கு மட்டும், வெள்ளத்துக்குப் பெரட்டுத் தப்பு என்று முடிவானது. துரையும் கடைசியில் இறங்கி வந்தார். சோலைமுத்து ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: சோதனைக்கென்று ஒரு நாளும் அடிக்கச் சொல்லக் கூடாது. கொழும்பிலிருந்து வந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. இஞ்சினியர் ஒத்துக்கொண்டார்.

உங்கள் புதிய சங்கைப் பற்றி நான் சொல்வது இவ்வளவுதான். அது எவ்வளவு தூரம் கேட்கும் என்று அளந்துவிட்டீர்கள். இனி இறங்கிப் போய், அந்தச் சத்தம் கேட்டால் நீங்கள் எந்தப் பக்கம் ஓடுவீர்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் கேளுங்கள். அவர்கள் சொல்கிற பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். சங்கை மாற்றுங்கள், சனத்தை மாற்றப் பார்க்காதீர்கள். ஒன்றும் நடக்காத மறுநாளும் போங்கள். அன்றுதான் உங்களைத் திட்டுவார்கள். நின்று கேளுங்கள்.

அன்று அடிவாரத்திலிருந்து திரும்பும்போது சோலைமுத்து அந்தக் களியில் ஒரு உருண்டையைக் காட்டுச் சேம்பு இலையில் சுற்றி எடுத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். "ராக்கம்மாவுக்குக் காட்டணும்," என்றார். நானும் கூடப் போனேன். ராக்கம்மா தோட்டத்து ஆஸ்பத்திரியில் காலில் மட்டை கட்டிப் படுத்திருந்தார். எங்களைக் கண்டதுமே ஆரம்பித்துவிட்டார். இனி எப்போது மலைக்குப் போவது, பிள்ளைகளுக்கு யார் சோறாக்குவது, ஒன்றுமே ஆகாததற்கு எதற்கு இந்த ஓட்டம் என்று ஆஸ்பத்திரியே அதிரக் கேட்டார். கேட்டதில் ஒன்றும் பிழையில்லை.

சோலைமுத்து இலையைப் பிரித்து அவர் மடியில் வைத்தார். "இது அணைக்குள்ள இருந்தது. நேத்து வெளிய வந்திருச்சி," என்றார்.

ராக்கம்மா அந்த மஞ்சள் உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விரலால் அமுக்கிப் பார்த்தார். பிறகு இலையை மூடி அவரிடமே கொடுத்தார்.

"சரி. அடுத்த தடவ கொஞ்சம் முன்னாடியே அடி. இந்தக் காலோட நான் மெதுவாத்தான் ஏறுவேன்."